விட்டு விட்டுப் போட்ட கோடு

இந்தக் கதையில் சீடருக்குத்தான் வயது அதிகம். குருவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். சீடர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பேரன் எடுத்தவர். ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. சிரித்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன.

குருவின் பெயர் பூங்கோதை. பூமிக்குள் எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று படித்தவர். கோட்டைக்கரடு என்கிற குன்றின் அடிவாரத்தில், மூடிப்போன செம்புச் சுரங்கத்தின் பழைய கொட்டகையில் அவர் குடியிருந்தார். குடியிருந்தார் என்பதைவிடக் காவல் இருந்தார் என்று சொல்லலாம். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அருமைநாயகம், வாழ்நாளெல்லாம் அந்த மலைகளில் நடந்து சேர்த்த காப்பகம் அங்கே இருந்தது. சுரங்கப் பாதைகளின் வரைபடங்கள், கல் சோதனைத் தாள்கள், பூமியைத் துளைத்து எடுத்த உருளைக் கற்களை வரிசையாக அடுக்கிய நீள மரப்பெட்டிகள். அருமைநாயகம் காலமாகிவிட்டார். கம்பெனியும் பூட்டிக்கொண்டு போய்விட்டது. கூரை ஒழுகியது, கரையான் ஏறியது, பூங்கோதை இருந்தார்.

சீடரின் பெயர் அவிநாசியப்பன். மலையைப் படம் வரையப் போனவர், மழைக்கு அந்தக் கொட்டகையில் ஒதுங்கினார். பெட்டிகளைப் பார்த்தார். மழை விட்டும் அவர் கிளம்பவில்லை.

"அம்மிணி, நானும் இதக் கத்துக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

"கத்துக்கலாமுங்ணா. கேக்கக் கூச்சப்படாம இருந்தாப் போதும்" என்றார் பூங்கோதை.

முதல் நாள் சீடர் ஒரு பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கற்களின் நடுவே ஒரு மரத்துண்டு இருந்தது.

"இது எதுக்குங்க, கல்லு நடுவால மரக்கட்ட?"

"அந்த ஆழத்துல கல்லு கைக்கு வரல. பொடிஞ்சு போச்சு. அங்க என்ன இருந்துச்சுன்னு தெரியாது. அந்த நீளத்துக்குக் கட்ட வெச்சிருக்குது."

"எடுத்துட்டுக் கல்ல ஒட்டி வெச்சா எடம் மிச்சமாகுமுங்களே."

பூங்கோதை கட்டையை எடுத்தார். கற்களை நெருக்கித் தள்ளினார். ஒரு கல்லைத் தொட்டுக் காட்டி, "இது எந்த ஆழத்துல இருந்து வந்துச்சு, சொல்லுங்ணா" என்றார்.

அவிநாசியப்பன் பெட்டியின் ஓரத்தில் எழுதியிருந்த அளவைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். சொல்ல முடியவில்லை.

பூங்கோதை கற்களைப் பழையபடி விலக்கிக் கட்டையை நடுவில் வைத்தார்.

"புரிஞ்சுதுங்க அம்மிணி" என்றார் சீடர். அன்றிலிருந்து அந்தக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, இம்மி பிசகாமல் அதே இடத்தில் வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. புரிந்துவிட்டது என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது வரைபடங்கள். மெழுகுத் துணியில் கறுப்பு மையால் அருமைநாயகம் கைப்பட வரைந்தவை. பல இடங்களில் மை உதிர்ந்திருந்தது. சில இடங்களில் கரையான் துணியையே தின்றிருந்தது. இன்னொரு மழைக்காலத்தைத் தாங்காது என்று பூங்கோதைக்குப் பயம். படியெடுக்கும் வேலையைச் சீடரிடம் கொடுத்தார். அவருடைய கை அப்படிப்பட்ட கை. ஸ்கேல் வைக்காமலே நேர்கோடு இழுப்பார்.

"நடந்து பாத்த எடத்துக்கு முழுக்கோடு போட்டிருப்பாரு. பாக்காத எடத்துக்கு விட்டு விட்டுப் போட்டிருப்பாரு. இருக்கறத இருக்கற மாதிரியே எடுங்ணா. சந்தேகமுன்னாக் கேளுங்க" என்றார் பூங்கோதை.

"கேக்கறனுங்க."

அவர் கேட்கவில்லை. வேலை காலம் முழுக்கப் பிள்ளைகள் அவரைக் கேட்டுத்தான் பழக்கம். தன்னைவிட வயதில் சின்னவளிடம் போய், இது மை உதிர்ந்த இடமா, விட்டுப் போட்ட இடமா என்று மணிக்கொரு தரம் நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது. இதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாதா என்று அம்மிணி நினைத்துவிட்டால்? அதனால் கை போனபடி விட்டார்.

வைகாசி கடைசியில் வேலை முடிந்தது. கொட்டகை மேஜையில் புதுப் படங்கள் வரிசையாகக் கிடந்தன. கோடுகள் பளிச்சென்று இருந்தன. மூலத் துணிகள் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தன, பூஞ்சை வாடையோடு.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் சீடர் கேட்டார்.

"அம்மிணி, படியெடுத்தாச்சுங்க. நெம்ப நல்லா வந்திருக்குது. இனி அந்தப் பழைய துணிய எதுக்குங்க வெச்சிட்டிருக்கோணும்? கரையான் அதுல இருந்துதானே மத்ததுக்கு ஏறுது. எரிச்சுப்போட்டா நிம்மதி."

பூங்கோதை மேலாக இருந்த புதுப்படத்தை எடுத்துப் பார்த்தார். சுரங்கத்தின் மேற்குப் பாதை அது. இரண்டு கோடுகள் இணையாக ஓடி, ஒரு குறுக்குக் கோட்டில் முடிந்திருந்தன. பெட்டியை மூடி வைத்த மாதிரி கச்சிதம்.

வெகுநேரம் அந்தக் குறுக்குக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பாத முடியற எடம் துணியில எப்படிங்ணா இருந்துச்சு?"

"மை உதுந்து போயிருந்துச்சுங்க. துண்டு துண்டாத் தெரிஞ்சுது. சேத்துட்டனுங்க. கொஞ்சம் கோணலாவும் இருந்துச்சு, நேராக்கிட்டேன்."

பூங்கோதை மூலையிலிருந்து அந்தத் துணியைத் தேடி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இங்க வந்து பாருங்ணா. மை உதுந்த எடத்துல கோடு போன பழுப்புக்கற துணியில நிக்குது. இந்தா, இங்க. இந்த எடத்துல கற இருக்குதுங்களா?"

சீடர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கோட்டுத் துண்டுகளுக்கு நடுவே துணி சுத்தமாக இருந்தது.

"இல்லீங்க."

"இங்க மை பட்டதே இல்ல. மேக்கூரை இடிஞ்சு விழுந்து வழிய அடைச்சிருச்சு. அவரு அதுக்கு மேல உள்ள போகல. அக்கட்ட கொஞ்ச தூரத்துல பாத முடிஞ்சிருமுன்னு கூலிக்காரங்க யாரோ சொல்லியிருக்காங்க. அதத்தான் விட்டு விட்டுப் போட்டிருக்காரு."

சீடருக்கு முகம் செத்துப் போனது. அந்த இடத்தில் பேனா சற்று நின்றது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கேட்கலாமா என்று தோன்றியதும் ஞாபகம் இருந்தது.

"திருத்திரலாமுங்க. ஒண்ணும் ஆயிரலியே" என்றார்.

"இந்தப் படத்த யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

அவர் பேனா மூடியைத் திருகினார்.

"யாருக்குங்ணா?"

"மாப்பிள்ளைக்குங்க. சடையப்பனுக்கு. கரட்டுக்கு மேக்கால கெணறு வெட்டற காண்ட்ராக்டு எடுத்திருக்கறான். பழைய சுரங்கம் எதுவரைக்கும் வருதுன்னு தெரியாமக் கைய வெக்க மாட்டேனுட்டான். அதனால ஒரு நகல் போட்டுக் குடுத்தேன்."

"கெணறு எவ்வளவு ஆழம் போயிருக்குது?"

"ஆழம் முடிஞ்சுதுங்க. அடியில பக்கவாட்டுல குடையறாங்க, ஊத்துக் கண்ணுக்கு." அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "இன்னிக்குப் பொழுதோட வெடின்னு காலையில சொன்னான்."

"எந்தப் பக்கமாக் குடையறாங்க?"

"சுரங்கம் முடிஞ்ச எடத்துக்கு நேரா வந்து நிப்பாட்டுறாப்பல."

பூங்கோதை துணியைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். சுரங்கம் மூடியபோது தண்ணீர் இறைக்கும் பம்பையும் நிறுத்திவிட்டார்கள். வருஷக் கணக்காக அந்தப் பாதைகளில் தண்ணீர் நிரம்பி நிற்கிறது. அது அவிநாசியப்பனுக்கும் தெரியும். நடுவில் இருக்கிற பாறை வெடியில் உடைந்தால் அத்தனையும் கிணற்றுக்குள் பாயும்.

அவர் சடையப்பனுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிணற்றுக்குள் இறங்குகிறவர்கள் சட்டையை மேலே கழற்றி மாட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். போன் சட்டைப் பையில் இருக்கும். மறுபடி போட்டார். மறுபடியும் மணி அடித்தது.

"வண்டியில ஏறுங்ணா" என்றார் பூங்கோதை.

ஸ்கூட்டரில் போகும்போது சீடர் பின்னால் உட்கார்ந்து துணிச் சுருளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். கரட்டைச் சுற்றி மண்பாதை. அவர் மனசு மகள் வீட்டுக்கு ஓடியது. மகள் சிந்தாமணி கைக்குழந்தையோடு இருந்தாள். குழந்தைக்கு இன்னும் மொட்டைகூட அடிக்கவில்லை, பழனிக்குப் போக ஆனியில் நாள் பார்த்திருந்தார்கள்.

"அம்மிணி."

"சொல்லுங்ணா."

"ஒண்ணும் ஆகாதுங்களே?"

"தெரியலீங்ணா."

சீடருக்குக் கோபம் வந்தது. "ஒரு ஆறுதலுக்காவது ஆகாதுன்னு சொல்லலாமில்லீங்க? வாய் வார்த்தைதானே?"

பூங்கோதை வண்டியை முறுக்கினார். தூரத்தில் கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்கிறவரை பாறையில் துளைதான் போடுகிறார்கள், வெடி வைக்கவில்லை என்று அர்த்தம். சீடர் அந்தச் சத்தத்தைக் காதில் பிடித்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் அது நின்றுவிட்டது.

"நின்னு போச்சுங்க."

"கேட்டுதுங்ணா."

கிணற்று மேட்டில் கிரேன் நின்றது. கிரேன் ஓட்டுகிற மாரண்ணன் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். வெடிப்பெட்டி இன்னும் மேலேதான் இருந்தது. சீடருக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

"மாப்ள எங்கடா?"

"உள்ள இருக்காருங்க மாஸ்டர். துளையெல்லாம் போட்டாச்சு. வெடிய எறக்கச் சொல்லிச் சத்தம் குடுப்பாரு."

"எல்லாரையும் மேல வரச் சொல்லு. இப்பவே."

சடையப்பன் கிரேன் தொட்டியில் நின்றபடி மேலே வந்தான். உடம்பெல்லாம் பாறைத் தூசி. பின்னாலேயே அவனுடைய ஆட்களும் வந்தார்கள். வேலை நடுவே கூப்பிட்ட எரிச்சல் அவன் முகத்தில் தெரிந்தது, மாமனார் என்பதால் அடக்கிக்கொண்டான்.

"என்னங் மாமா? வீட்டுல ஏதாச்சுமுங்களா?"

"வீட்டுல ஒண்ணுமில்ல மாப்ள. வெடி வெக்க வேண்டாம். அம்மிணி வேண்டாங்கறாங்க."

சடையப்பன் பூங்கோதையைப் பார்த்தான். பூங்கோதை அவிநாசியப்பனைப் பார்த்தார்.

"ஏனுங் மாமா? சுரங்கம் அங்க முடிஞ்சிருதுன்னு நீங்க குடுத்த படத்துலயே இருக்குதே. எட்டியே நிப்பாட்டிக்கறேன். நடுவால தாராளமாப் பாறை இருக்குது."

"இல்ல மாப்ள, அம்மிணி என்ன சொல்றாங்கன்னா…"

"படம் வரைஞ்சது நீங்களா, அவங்களா?"

ஆட்கள் சுற்றி நின்றார்கள். அவர்களில் இரண்டு பேர் அவரிடம் படித்தவர்கள். வட்டம் கோணலாகப் போனதற்கு அவரிடம் ஸ்கேலால் அடி வாங்கி முட்டி பெயர்ந்தவர்கள். அவர் வேர்த்துப் போய் நின்றார்.

"நான்தான் வரைஞ்சேன்" என்றார். "அந்தக் குறுக்குக் கோடு நானாச் சேத்துனது. பழைய படத்துல முழுக்கோடு கெடையாது. அங்க முடியுதா, இல்லியான்னு யாரும் பாத்ததில்ல. எனக்குச் சந்தேகம் வந்துச்சு. கேக்காமப் போட்டுட்டேன்."

சடையப்பன் முகத்துத் தூசியைத் துடைத்தான். பிறகு மெதுவாகத்தான் சொன்னான்.

"படம் இல்லீன்னா நான் கெழக்க திரும்பியே இருக்க மாட்டனுங்க மாமா. மேக்காலயே குடைஞ்சிருப்பேன். உங்க கோட்டப் பாத்த தைரியத்துலதான் இப்படி வந்தேன்."

அவிநாசியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது அவருக்கு.

அப்போதுதான் பூங்கோதை பேசினார். "வெடி வேண்டாம் தம்பி. நீளக் கம்பி போட்டு முன்னால ஒரு சின்னத் துளை போட்டுப் பாக்கலாம். ஒரு ஆளு மட்டும் எறங்கோணும், இடுப்புல கயிறு கட்டிட்டு. அதுக்கு முன்னால வேப்பங்கிளையில ஒரு ஆப்பு சீவிக்குங்க, துளையோட கனத்துக்கு."

"ஆப்பு எதுக்குங்க?"

"தண்ணி வந்தா அடைக்கறதுக்கு."

யாரை இறக்குவது என்ற பேச்சே எழவில்லை. சடையப்பன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். துணிச் சுருளைப் பூங்கோதையிடம் கொடுத்துவிட்டு அவிநாசியப்பன் கயிற்றின் மறுமுனையை வாங்கிக்கொண்டார். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

கம்ப்ரசர் மறுபடி ஓடியது. அவர் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தார். கீழே மருமகனின் தலை ஒரு கைப்பிடி அளவு தெரிந்தது. பிறகு அதுவும் குடைவுக்குள் போய் மறைந்துவிட்டது. கயிறு மட்டும் அசைந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் அவருக்கு இழுத்துவிடலாமா என்று இருந்தது.

சத்தம் நின்றது.

"மாமா, முழுக் கம்பியும் போயிருச்சுங்க. காஞ்ச பாறை. ஒரு சொட்டு ஈரமில்ல."

மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். மாரண்ணன் டீயை மறுபடி கையில் எடுத்தான். அவிநாசியப்பனுக்கு உடம்பு லேசாகிவிட்டது. பூங்கோதை பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா அம்மிணி? தெரியாமப் போட்டாலும் என்னோட கோடு சரியாத்தான் விழுந்திருக்குது."

பூங்கோதை துணிச் சுருளை அவரிடம் நீட்டினார். அவ்வளவுதான்.

கீழேயிருந்து குரல் வந்தது. "அப்ப வெடிய எறக்கச் சொல்லட்டுங்களா மாமா? நீங்க சரின்னாச் சரி."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. மானமும் திரும்பி வந்துவிடும், இவர்கள் முன்னால் ஒப்புக்கொண்டது ஒன்றுமில்லாத விஷயமாகிவிடும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவர் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, துணியைச் சடையப்பன் பார்க்கிற திசைக்குத் திருப்பி விரித்தார். வெயிலில் அந்தத் துண்டுக் கோடுகளைப் பார்த்தார். முதல் துண்டு நேராகப் போனது. அடுத்தது கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தது. அதற்கடுத்தது இன்னும் சாய்ந்தது. அருமைநாயகத்துக்குக் கை நடுங்கியிருக்கிறது என்று நினைத்து அவர் நேராக்கிவிட்ட இடம் அது.

நேராக்கிய கோட்டுக்கு எதிரேதான் சடையப்பன் துளை போட்டிருந்தான்.

"மாமா?"

"எனக்குத் தெரியல மாப்ள" என்று கத்தினார். "சரின்னு சொல்ல எனக்குத் தெரியல. வலது கைப்பக்கமாச் சாச்சு இன்னொண்ணு போடு. ஆப்பக் கையில வெச்சுக்க."

"பொழுது போயிருமுங்க மாமா."

"போனாப் போகுது. போடு சாமி."

கம்ப்ரசர் மூன்றாவது தடவை ஓடியது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை. பூங்கோதையின் உதடு அசைந்துகொண்டிருந்தது. சாமி கும்பிடுகிறாரா, அடி எண்ணுகிறாரா, தெரியவில்லை. அவருக்கும் பயம்தான். அதை மறைக்க அவர் முயலவில்லை.

கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குடைவுக்குள்ளிருந்து சீறுகிற சத்தம் ஒன்று வந்தது. குக்கர் விசில் அடிக்கிற மாதிரி, ஆனால் நிற்காமல் வந்தது. பின்னாலேயே கிணற்றுத் தரையில் செங்காவி நிறத்தில் தண்ணீர் ஓடி வந்தது.

"மாப்ள!"

பதில் வரவில்லை. சுத்தியல் அடிக்கிற சத்தம் வந்தது. ஒன்று, இன்னொன்று, விடாமல் அடித்தான். சீறல் குறைந்தது, ஒரேயடியாக நிற்கவில்லை. கயிறு இரண்டு தரம் வெடுக்கென்று இழுபட்டது.

"தூக்கு, தூக்கு, தூக்கு" என்றார் அவிநாசியப்பன். கிரேன் இருப்பதே மறந்துபோய்த் தன் கையாலேயே கயிற்றை இழுத்தார். உள்ளங்கை தோல் உரிந்தது பிறகுதான் தெரிந்தது.

சடையப்பன் மேலே வந்து மண்ணில் உட்கார்ந்தான். தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தான். அவன் மேல் பழைய செம்புக் காசை நாக்கில் வைத்தால் வருமே, அந்த வாசம் அடித்தது.

"இந்தச் சின்னத் துளைக்கே ஆளத் தள்ளிருச்சுங்க" என்றான். "ஆப்பு இல்லீன்னா…" மேலே சொல்லவில்லை.

கிணற்றடியில் தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. மாரண்ணன் போய் வெடிப்பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு வந்தான். அவிநாசியப்பன் மருமகனின் தலையைத் துண்டால் துவட்டினார். சின்னப் பிள்ளைக்குத் துவட்டுகிற மாதிரி, அவன் போதும் போதும் என்று சொல்லியும் துவட்டிக்கொண்டே இருந்தார்.

பொழுது சாய கொட்டகைக்குத் திரும்பினார்கள். உள்ளே நுழைந்ததும் சீடர் நேராக மேஜைக்குப் போனார். தான் வரைந்த மேற்குப் பாதைப் படத்தை எடுத்து இரண்டாக மடித்தார். கிழிக்கத்தான்.

"எதுக்குங்ணா கிழிக்கறீங்க?"

"தப்புங்க அம்மிணி. ஆளக் கொன்னிருக்கும். இது இங்க இருக்கப்படாது."

"அதுவும் இருக்கோணும். துணிக்குப் பக்கத்துலயே வெப்போம். இன்னிக்கு நடந்தத ஓரத்துல எழுதுங்க. எது நீங்க சேத்துனது, எது நீங்க நேராக்கினதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பின்னால வர்றவங்க பாக்கட்டும்."

சீடர் மடிப்பைத் தடவி நேராக்கினார். பேனாவை எடுத்தார். தன் பெயரைத் தப்பின் கீழே எழுதுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் தப்பின் கீழேதான் இதுவரை கையெழுத்துப் போட்டிருக்கிறார். எழுதி முடித்ததும் தண்ணீர் வந்த இடத்தைப் பூங்கோதையிடம் கேட்டுக் கேட்டு, அந்த ஒரு புள்ளியை மட்டும் அழுத்தமாக வைத்தார். அதற்கப்புறம் பேனா நகரவில்லை.

"இந்த ஒரு புள்ளிதானுங்களா இன்னிக்குப் பாத்தது?"

"அவ்வளவுதாங்ணா."

பிறகு மற்றப் படங்களைப் பார்த்தார். மேஜை நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் அவர் எத்தனை கோட்டைச் சேர்த்திருப்பார், அவருக்கே நினைவில்லை. அந்தப் படங்களை இனி யார் யார் எடுத்துப்போவார்கள், எங்கெங்கே குழி தோண்டுவார்கள்?

மூலத் துணிகளைத் தானே தூக்கிவந்து மேஜையில் வைத்தார். மத்தியானம் எரிக்கச் சொன்னதும் அவர்தான். முதல் துணியை விரித்தார். ஜன்னலில் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"கற இருந்தா உதுந்தது. கற இல்லீன்னா அவரு விட்டது. இது இனி பாத்துக்குவனுங்க." துணியில் கரையான் தின்ற ஓட்டை ஒன்றில் விரலை வைத்தார். "இங்க துணியே இல்லீங்களே. கோடு இருந்துச்சா, அவரு விட்டுட்டாரா, நான் எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

"என்னக் கேளுங்க."

"உங்களுக்கும் தெரியலீன்னா?"

பூங்கோதை எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பவும் கேளுங்ணா. தெரியலீன்னு ரெண்டு பேருமாச் சேந்து எழுதி வெப்போம்."